காய்ச்சல் விட்ட மதியம்

ஆசிரியர் அறையின் வெள்ளைப்பலகையில் இரண்டு மலைகள் நிற்கும். சிவப்புக் கோட்டில் எழும் மலை வைரஸ். அதற்குப் பின்னால் சற்றுப் பிந்தி எழும் நீல மலை, உடம்பின் எதிர்ப்பு. சங்ககிரிப் பக்கம் நான் வேதியியல் நடத்திய பொறியியல் கல்லூரியில் கணக்கு மேடம் வரைந்து வைத்தவை அவை. உடம்புக்குள் புகுந்த வைரஸ் என்ன வேகத்தில் பெருகும், எதிர்ப்பு எப்போது எழும், எது எதை மிஞ்சும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. "இந்தக் கோட்டைக் கரைச்சுக் குடிச்சா சளி போயிருங்களா மேடம்?" என்று இயந்திரவியல் சார் சீண்டுவார். "மூளை இருக்கறவங்களுக்குப் போவும். உங்களுக்குக் கஷ்டமுங்க சார்" என்பார் மேடம், மார்க்கரைக் கூடக் கீழே வைக்காமல்.

சிவப்பு இறங்கும் இடத்தில் நீலம் இன்னும் உச்சியில் நிற்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. "எதிரி ஓடினது படைக்கு உடனே தெரியாதுங்க. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த அடி நம்ம உடம்பு மேலயே விழும்."

நான் வாக்கப்பட்டது நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை வீட்டில். பண்ணையில் நோய் விழுந்தால் என் மாமனார் மருந்துப் பாட்டிலைப் பார்க்க மாட்டார், தீனித் தொட்டியைத்தான் பார்ப்பார். கோழி தீனி எடுத்துவிட்டால் தேறிவிட்டது என்று பொருள். ஆயுள் முழுக்க அவரைக் காப்பாற்றிய கணக்கு அது.

அதே கணக்கைத்தான் என் மகளுக்கும் போட்டார். டெங்கு என்று மருத்துவமனையில் கிடந்தவளுக்கு ஒரு மதியம் காய்ச்சல் சுத்தமாக விட்டது. அரை இட்லி கேட்டு வாங்கித் தின்றாள். மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. "தீனி எடுத்துட்டா, அப்பறம் என்ன அம்மிணி? கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்." என் கணவர் பையில் துணிகளை அடைக்கத் தொடங்கினார். இருந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். "ஆஸ்பத்திரிக்காரங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றார் மாமனார்.

வராந்தாவுக்குப் போய்க் கணக்கு மேடத்தைப் போனில் அழைத்தேன். நான் முடிக்கும் முன்பே அவர் குரல் மாறியது. "காய்ச்சல் உட்டா வைரஸ் இறங்குதுன்னு அர்த்தமுங்க, ஆபத்து இறங்குதுன்னு இல்ல. ரத்தக்குழாய் கசியறதெல்லாம் இனிமேத்தான் வரும். எல்லாப் பிள்ளைக்கும் வராது. உங்க மக கோடு எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததுனாலதான் சொல்றேன், டாக்டர் பேச்சைத் தாண்டி நகராதீங்க."

தெரியாது என்று தைரியமாகச் சொன்ன அந்த ஒரு குரலை நான் நம்பினேன். உள்ளே போய்க் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். "போறவங்க போங்க. நானும் எம்மகளும் வரமாட்டோம்." கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனாரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை. "படிச்ச திமிரு" என்றார். "ஆமாங்க மாமா, திமிருதான்" என்றேன். துணிப்பையை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பொழுது சாயும் முன்பு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பாதம் சில்லிட்டது. நாடி நூலாக இளைத்தது. நர்சுகள் ஓடிவந்தார்கள், டாக்டர் நின்ற நிலையிலேயே குளுக்கோஸ் ஏறும் அளவை மாற்றிக்கொண்டே இருந்தார். மதியமே கிளம்பியிருந்தால், அந்த நேரத்தில் நாங்கள் பண்ணைக்குப் போகும் மண்பாதையில் இருந்திருப்போம். மகள் பிழைத்தாள்.

மேடம் இப்போது கல்லூரியில் இல்லை. வேலைவாய்ப்புக்கு உதவாத ஆராய்ச்சி என்று நிர்வாகம் சொல்ல, விலகிப்போனார். பலகையை யாரோ துடைத்துவிட்டார்கள். நான் இன்னும் பயந்தவள்தான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டால் எல்லோரும் மூச்சு விடுவார்கள், நான் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பயமில்லை.

போன முகூர்த்தத்தில், ராசிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் என் கணவரின் சித்தப்பா கேட்டார்: "உம்பட மக கணக்குப் படிக்கப் போறாளாமா? அதைப் படிச்சவங்கல்லாம் என்னத்தைக் கண்டாங்க?"

மேடையில் மணப்பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போட்டோக்காரர் சொல்வதைக் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள் என் மகள்.

"அதோ நிக்கறாளுங்க மாமா," என்றேன். "நல்லாப் பார்த்துக்குங்க."