ஊரடங்கு நாளில் ஒரு கையெழுத்து

ஊரடங்குச் சட்டம் போட்டு, திருகோணமலை நகரமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த ஒரு நாளில், கந்தோருக்குப் போய் காலை ஒன்பது மணி தொடக்கம் நாலு மணி வரை வேலை செய்ததாகக் கையெழுத்துப் போட்ட மடையன் நான். அந்தக் கையெழுத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி பூட்டியிருந்ததால் சனம் எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலில்தான் போய் வந்தது. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மாடி வீட்டில் எங்கள் சின்னக் கணினி நிறுவனம் இருந்தது. மொத்தம் ஐந்து பேர். கப்பல் முகவர் ஒருவருக்காக, பயணிகளைப் பதியும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினால் ஆளின் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியலில் பெயர் இல்லாதவர் கப்பலேறும் ஜெட்டிக்குள் காலடி வைக்க ஏலாது. அந்த மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிப்பது என் வேலை.

அதில் தயாராகப் போகும் முதல் பட்டியலிலேயே என் மனைவியின் பெயரும் ஏறவேண்டியிருந்தது. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குக் காத்திருந்தார். இரண்டு மாதம் அலைந்து அப்போதுதான் பயண அனுமதி எடுத்திருந்தாள். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போதென்று ஒருவருக்கும் தெரியாது.

நியாயமாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நான் யோசித்ததெல்லாம் கந்தோரில் முன் மேசையில் இருந்த பெண்பிள்ளையைப் பற்றி.

அவர் கிண்ணியாவிலிருந்து தினமும் பாதையில் வருவார். மிதவைப் படகை எங்களூரில் அப்படித்தான் சொல்வோம். வேலைக்கு வந்து எட்டு மாதம். எனக்கு ஆறு வருடம். ஆனால் மனேஜர் சந்தேகம் கேட்பது அவரிடம். நான் பகிடி விட்டால் அரைச் சிரிப்பு, அவர் விட்டால் முழுச் சிரிப்பு. தேத்தண்ணியோடு வரும் பிஸ்கட்டை நான் எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அவருக்கு மூன்று, எனக்கு இரண்டு. ஒருநாள் எனக்கு மூன்று வந்தது. எட்டிப் பார்த்தேன், அவர் நோன்பு.

இந்த நேரத்தில்தான் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு கிளையும் தான் மென்பொருளைச் சோதிக்கும் முறையைத் தானே உள்ளுக்குள் மதிப்பீடு செய்து, எங்கே ஓட்டை, எப்படித் திருத்தலாம் என்று அறிக்கை அனுப்ப வேண்டுமாம். ஆறு வருடமாகச் சோதிப்பவன் நான்தானே, எனக்குத்தான் வரும் என்று நினைத்து, கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்தும் இருந்தேன். மனேஜர் என்னைக் கடந்து போய்க் கடிதத்தை முன் மேசையில் வைத்தார்.

அன்று பின்னேரம் வீடு வரும்வரை என் வயிறு எரிந்ததை வைத்து ஒரு பானை சோறு ஆக்கியிருக்கலாம்.

மதிப்பீட்டுக்கு என் சோதனைப் பதிவேட்டைக் கேட்பார் என்று தெரியும். கிழமைக்கு ஒரு தரம் சோதித்து, திகதி, நேரம், முடிவு, கையெழுத்து நாலும் எழுதவேண்டிய கொப்பி அது. முதல் இரண்டு பக்கத்துக்குப் பிறகு நாலு மாதமாக வெறுமை. இந்தப் பிள்ளையிடம் போய்த் தலை குனிவதா? மூன்று நாள் இருந்து நாலு மாதத்துக்கும் நிரப்பினேன். மூன்று விதமான பேனை பாவித்தேன். பழசு மாதிரித் தெரிய ஒரு பக்கத்தில் தேத்தண்ணி கூடச் சிந்தினேன். நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து ஞாயிறையும் பௌர்ணமி விடுமுறையான போயாவையும் கவனமாகத் தவிர்த்தேன். எல்லா வரியிலும் 'சரி' என்று எழுதினேன்.

நாட்காட்டியில் போயாவுக்குச் சிவப்பு நிறம் உண்டு. ஊரடங்குக்கு ஒரு நிறமும் இல்லை.

கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்த முன் மேசைப் பிள்ளை ஒரு திகதியில் விரலை வைத்தார்.

“அண்ணன், இந்தத் திகதியிலதானே குண்டு வெடிச்சு ஊரடங்கு போட்ட? பாதையும் ஓடல்ல, ஒபிசும் பூட்டு. நீங்க எப்படி வந்தீங்க?”

“அது... கிட்டத்தானே பிள்ளை, நடந்து வந்தனான்.”

பின்னால் நின்ற மனேஜர் கேட்டுவிட்டார். “ஓம் ஓம். அண்டைக்கு றோட்டிலை மான்தான் நிண்டது. நீரும் அதுகளோடை சேர்ந்து வந்திருப்பீர்.”

தெருவில் திரியும் எங்கள் நகரத்து மான்களுக்கும் எனக்குமான உறவு பற்றி அந்தக் கந்தோர் ஒரு வருடம் கதைத்தது. அதை விடுங்கள்.

அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கொப்பியை மூடி வைத்தார். “எழுதினத விடுங்க அண்ணன். நாளைக்குக் கப்பல்காரருக்குக் குடுக்கிற சாமான். இப்ப என்ட கண்ணுக்கு முன்னால ஒருக்கா செஞ்சு காட்டுங்க.”

அவர் அதுவரை பாடசாலை நேரசூசி மென்பொருள் ஒன்றில்தான் வேலை செய்தார். கப்பல் மென்பொருளைத் தொட்டதேயில்லை. நான் வீறாப்பாக என் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினேன். ஏறியது. மனேஜருடையது. ஏறியது. இவ்வளவு நாளும் நான் செய்த சோதனை இவ்வளவுதான். “என்டதையும் போடுங்க” என்று தன் அட்டையை நீட்டினார்.

‘பிழையான இலக்கம்’ என்றது திரை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம். “இலக்கத்தைப் பிழையாத் தட்டிப்போட்டன் போலை” என்று மறுபடி தட்டினேன். அதே பதில். அவர் திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணன், பொம்புளையள்ற நம்பர் ஒண்டாவது போட்டுப் பாத்தீங்களா?”

எங்கள் அட்டை இலக்கத்தில் பிறந்த வருடமும், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கும். பெண்ணென்றால் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டியிருப்பார்கள். நிரல் எழுதியவர், நாள் முந்நூற்று அறுபத்தாறைத் தாண்டினால் ஏற்காதே என்று எழுதியிருந்தார். அவரும் ஆண், மனேஜரும் ஆண், சோதித்த நானும் ஆண். நாலு மாதமாகப் பெண் ஒருத்தியும் ஏற ஏலாத கப்பலுக்கு நான் ‘சரி’ போட்டிருக்கிறேன்.

அப்போதுதான் என் மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. அவளுடைய இலக்கம் எனக்கு மனப்பாடம். தட்டினேன். ‘பிழையான இலக்கம்’.

நிரலைத் திருத்த ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அறிக்கையில் அவர் என்னைக் காப்பாற்றுவார் என்று ஒரு நப்பாசை இருந்தது. காப்பாற்றவில்லை. பதிவேடு பிறகு எழுதப்பட்டது என்று அப்படியே எழுதினார். அடுத்த வரியில், எட்டு மாதம் முன் மேசையில் இருந்தும் தான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை என்று தன் பிழையையும் எழுதினார். இனி ஆண், பெண், வயதானவர் என்று உண்மையான பயணிகளைக் கூட்டிவந்து சோதிக்க வேண்டும், ஒருவரின் கையெழுத்து மட்டும் போதாது என்பது அவர் சொன்ன திருத்தம். அதைப் படித்தபோது எனக்கு இன்னும் பொறாமை கூடியது. உண்மை சொல்வதிலும் என்னை முந்திவிட்டாரே.

கப்பல் நாளன்று ஜெட்டி வாசலில் மனைவியின் பெயரை வாசித்தார்கள். பையைத் தூக்கிக் கொடுக்கும்போது, மனம் கேளாமல் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்புவித்தேன். இன்றைக்கும் யாராவது ‘சரி’ என்று எழுதி என் முன்னால் நீட்டினால், அந்தச் ‘சரி’க்குள் யார் இல்லை என்றுதான் முதலில் தேடுகிறேன். அந்தப் பழக்கம் அன்று அவள் சொன்னதிலிருந்து வந்தது. என்னை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அந்தப் பிள்ளையின்ரை பிஸ்கட்டை எண்ணின நேரத்துக்கு, என்ரை நம்பரை ஒருக்கா அடிச்சுப் பாத்திருக்கலாம்.”