பாதி மணித்தியாலங்களுக்கு ஓம் சொன்ன நான்

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வேலையிடத்திலும் எல்லோருடைய கடிதங்களையும் நான்தான் வாசித்துச் சொல்வேன்.

சென்ற ஆண்டு முதலாளி, சம்பளச் சீட்டில் வேலை செய்த மணித்தியாலங்களில் பாதியை மட்டும் போட்டு, மீதிக்குக் கையில் காசு தருவதாகச் சொன்னார். வரி குறையுமே என்று உடனே ஓம் சொன்னேன். ஓய்வூதியமும் குறையும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கூட வேலை செய்யும் தர்சினி அக்கா வெங்காயம் உரித்தபடியே மறுத்தார். "எனக்கு முழுக்க எழுதுங்கோ அண்ணை. பிறகு பென்சன் அதை வைச்சுத்தானே வரும்."

"அந்த வயசு வரைக்கும் நீ இருப்பியோ?" என்றார் முதலாளி.

"நான் இருப்பன். உங்கடை கடை இருக்குமோ தெரியாது."

முதலாளி என்னிடம் திரும்பினார். "நீ படிச்ச பெடியன், இவளுக்குச் சொல்லு."

இரண்டு பிள்ளைகளோடு அந்த வேலையை மட்டுமே நம்பியிருப்பவர் அக்கா. அவருக்கு இருந்த துணிவு எனக்கு இருக்கவில்லை. வெட்கமாகிவிட்டது.

"எனக்கும் முழுக்க எழுதுங்கோ அண்ணை" என்றேன்.

முகத்தைச் சுளித்தாலும் இருவருக்கும் முழுதாகவே எழுதினார். இப்போது நானும் அக்காவைப் போல, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அன்று வேலை செய்த மணித்தியாலங்களை நாட்காட்டியில் குறித்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.