தலையில் அடிக்காதே

சுருக்கு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். நகராட்சியில் நாய் பிடிக்கிற வேலை. கம்பி நுனியில் கயிற்றுச் சுருக்கு. அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கணுக்காலிலிருந்து முழங்கை வரை பல் தடம். வேலைக்குச் சேரும்போதே தடுப்பூசி போட்டுவிட்டதால் ஆள் தப்பித்துக்கொண்டிருந்தான்.

எந்தத் தெருவுக்குப் போனாலும் தொண்டை கிழியக் கத்துவான்: "வெறிநாய அடிச்சே ஆகணும்னா அடிங்க. தலையில மட்டும் அடிக்காதீங்க!"

எவன் கேட்டான்? பயம் பிடித்தவன் கை நேராக மண்டைக்குத்தான் போகும். நொறுங்கின தலையைப் பையில் அள்ளிக்கொண்டு போனால், பரிசோதனைக்கூடத்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கூழா கொண்டு வந்தா எதை எடுத்து எதைப் பார்க்கறது?" என்று திருப்பி அனுப்புவார். அவருக்கு மூளை முழுசாக வேண்டும். அதில் ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் நாய்க்கு வெறியா இல்லையா என்று தெரியும்.

அன்று கடிபட்டது அவன் தங்கை புருஷன். வெல்டிங் பட்டறைக்காரன், வாய் நீளம், கை அதைவிட நீளம். சுருக்கு போய்ச் சேர்ந்தபோது பட்டறை ஷட்டர் ஓரத்தில் இடுப்பு முறிந்து கிடந்தது நாய். முன்னங்காலால் தரையைப் பிறாண்டி, நுரையும் ரத்தமுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலே இரும்புப் பைப்பை ஓங்கிக்கொண்டு மாப்பிள்ளை.

"தலை வேணும் மாப்ள, விடு!"

"எதுக்கு? உன் வீட்டு வாசல்ல மாட்டவா? தள்ளு மச்சான்!"

சுருக்கு கழுத்தில் கயிற்றை மாட்டி இறுக்கிக்கொண்டே நாயின் தலைமேல் கவிழ்ந்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். கூடி நின்றவர்களில் எவனோ பின்னாலிருந்து விலாவில் மிதித்தான். அவன் அசையவில்லை. அடியில் நாய் உதறி உதறி அடங்கியது. எழுந்து துப்பினபோது ரத்தத்தோடு ஒரு பல்லும் வந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா, ஊசி போடணும்."

"சோப்பு போட்டுக் கழுவிட்டேன், போதும். அதோட வால மிதிச்சேன், தள்ளிவிட்ட கையக் கடிச்சுது. வெறின்னு என் கண்ணால பார்த்தாத்தான் ஊசி." பட்டறைக்காரன் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே தங்கை அழுகிற சத்தம் கேட்டது.

பரிசோதனைக்கூடத்தில் அந்த அம்மா ரம்பத்தால் நாயின் மண்டையைத் திறந்தார். ஓடு உடையாமல் இருந்தது. மத்தியானம் அறையை இருட்டாக்கிவிட்டு அவனைக் கூப்பிட்டார். "பாருங்க."

கறுப்புக்குள் பச்சைப் பொட்டு பொட்டாக மினுக்கிற்று. "சனியன், இவ்ளோ அழகாவா இருக்கும்?"

"அதுதான் வெறி. இவ்வளவு நேரம் விட்டதே தப்பு. காய்ச்சல் கண்டுட்டா யாராலயும் காப்பாத்த முடியாது. தரதரன்னு இழுத்துட்டு வாங்க."

வீங்கின முகத்தோடு போய்க் கதவைத் தட்டினான். பட்டறைக்காரன் பைப்போடுதான் திறந்தான். "பதிலுக்கு அடிக்க வந்தியா?"

"மூளை பூரா பச்சை மாப்ள."

"உன் தங்கச்சியும் நீயும் சேர்ந்து நாடகம் போடறீங்க."

பைப் மேலே போவதற்குள் சுருக்கு நெற்றியால் அவன் மூக்கில் இடித்தான். ஆள் மடங்கினான். சட்டைக் காலரைப் பிடித்துப் படியில் முட்டி தேயத் தேய இழுத்தான். பைப்பைப் பிடுங்கித் தெருவில் எறிந்தவள் தங்கைதான். "இழுத்துட்டுப் போண்ணா, என்னைப் பார்க்காத!"

கூடத்தில் மூக்கு ரத்தம் சொட்ட மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தான் பட்டறைக்காரன். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"இது எனக்குள்ளயும் ஓடுதா?"

"மூளைக்குப் போற வழியில இருக்கும்," என்றார் அம்மா. "போய்ச் சேர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஆஸ்பத்திரியில் கடிவாய்க்குள்ளேயே ஊசி இறங்கியபோது அவன் வராந்தா அதிரக் கத்தினான், மச்சானின் ஏழு தலைமுறையையும் திட்டினான். சுருக்கு காதில் போட்டுக்கொள்ளாமல், முழங்காலை அவன் தொடைமேல் ஊன்றி, கடிபட்ட அந்தக் கையை மேஜையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தான்.