பாவடிக்கு நிழல் கொண்டுவந்தவள்

ராசிபுரத்துப் பக்கத்தில் ஒரு நெசவூர். ஊரின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடந்த பொட்டல்தான் பாவடி. விடியற்காலையில் அங்கே, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைத்து, சுருட்டித் தறிக்கு எடுத்துப் போவார்கள். தெய்வநாயகி பன்னிரண்டு வயதிலிருந்து அந்தப் பாவடியில் கஞ்சி தடவியவள்.

1937 பங்குனியில் ஒரு நாள் வேலை பிந்தி வெயில் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற சாரதாமணி, ஆறு மாதக் கர்ப்பிணி, சுருண்டு விழுந்தாள். படுக்கவைக்க அங்கே ஒரு கையகல நிழல்கூட இல்லை. கோயில் மதில் வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு தெய்வநாயகி அந்தப் பொட்டலுக்கு வரும்போதெல்லாம் நிழலுக்கு இடம் தேடினாள்.

மறு வருஷம் பஞ்சாயத்து போர்டார் பாவடியிலேயே பூங்கா அமைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஓவர்சியர் கொண்டுவந்த வரைபடத்தில் நடுவே வட்டப் பூப்பாத்தி, நாலு பக்கமும் மரம். நெசவாளர்கள் கொதித்துப் போனார்கள்.

“பாவடி போச்சுன்னா தறியும் போச்சு. பூவைப் பாத்துக்கிட்டு உக்காந்தா சோறு வருமா?” என்றார் ஊர்ப் பெரியதனக்காரர் வீரபாகு.

அப்படியானால் பூங்காவே வேண்டாம் என்று போர்டும் கைகழுவப் பார்த்தது. தெய்வநாயகி மட்டும் விடவில்லை. நாலு நாள் பாவடியில் மூங்கில் கழிகளை நட்டு, காலையிலும் மாலையிலும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். ஐந்தாம் நாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“பெரியப்பா, மரம் மேக்கால ஓரத்துல மட்டும் நிக்கட்டுங்க. காத்தால வெயில் கெழக்கால இருந்துதானுங்க வருது. பாவு காய ஒரு தடையுமில்லீங்க. நாம பாவைச் சுருட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போன பொறவு, பொழுது சாயச் சாய நெழல் தானா பாவடி பக்கமா வந்துருமுங்க. அப்ப சனங்க உக்காரட்டும்.”

“எலையும் குருவி எச்சமும் நூல் மேல உழுந்தா?” என்று கேட்டார் வீரபாகு.

“இருவது முழம் தள்ளி நட்டா உழாதுங்க.”

“அளந்து பாத்துட்டியா அம்மிணி?”

“பாத்துட்டனுங்க. நீங்களும் வந்து பாருங்க.”

மறுநாள் வீரபாகு தானே போய்க் காலடி வைத்து அளந்தார். திரும்பி வந்தவர் ஓவர்சியரிடம் வரைபடத்தை மாற்றச் சொன்னார். ஓவர்சியர் முகம் சுளித்தார். ஆனாலும் வட்டப் பாத்தியை அடித்துவிட்டு மேற்கே ஒரு கோடு போட்டார். இருபத்திரண்டு புங்கங்கன்றுகள் வந்து இறங்கின.

அந்தக் கோடையில் போர்டுக் கிணறு வற்றியது. கன்றுகள் வாடத் தொடங்கின. பாவடிக்கு வருகிற பெண்கள் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரோடு வர வேண்டும் என்று தெய்வநாயகி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அவள் மட்டும் இரண்டு நடை நடந்தாள்.

“காலு வீங்கிக் கெடக்குது. ஊருக்கெல்லாம் நீயே செமக்கோணுமா?” என்று கடிந்துகொண்டான் அவள் கணவன் தண்டாயுதபாணி.

“அவ்வளவு கரிசனம் இருந்தா நீங்க ஒரு கொடம் எடுங்க.”

அவன் ஒரு குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். தெருவில் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் சிரித்தவர்களில் பாதிப் பேர் தோளிலும் குடம் இருந்தது. மூன்று கன்றுகளை ஆடு தின்றது. பத்தொன்பது பிழைத்தன.

ஐந்து வருஷத்தில் அவை தலைக்கு மேல் கவிந்தன. காலையில் பாவு காய்ந்த பொட்டலில் மாலையில் பிள்ளைகள் ஆடினார்கள். சந்தை முடிந்து திரும்புகிறவர்கள் கூடையை இறக்கிவைத்து இளைப்பாறினார்கள். பூங்காவின் திறப்பு விழாக் கல்லில் போர்டுத் தலைவர் பெயர் இருந்தது. தெய்வநாயகிக்கு அதில் வருத்தமே இல்லை; கல்லில் இருந்ததை அவளால் படிக்கவும் முடியாது.

1944-இல் குமாரபாளையம் பக்கத்திலிருந்து இரண்டு நெசவாளர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

“எங்கூர்ப் பாவடி உங்கூருது மாதிரி இல்லீங்க, கெழக்கு மேக்கா கெடக்குதுங்க. எந்தப் பக்கம் மரம் வெக்கிறதுன்னு தெரியல.”

“எடத்தைப் பாக்காம எப்படிங்க சொல்றது?” என்ற தெய்வநாயகி, அடுப்பை அணைத்துவிட்டு அவர்களுடைய மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.