பாட்டுக்குள் வந்த உப்பு

எங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டின் கீழே ஒரு பால்மாத் தகர ரின் இருக்கிறது. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். பனி இறுகிப் படிகள் கண்ணாடி போலாகும் காலத்தில் என் மனைவி அதற்குள் உப்பை நிரப்பி, கால் சறுக்காமலிருக்க ஒவ்வொரு படியாகத் தூவிக்கொண்டு இறங்குவாள். உப்புத் தூவுவதற்கென்றே நல்ல சாமான் கடையில் விற்கிறது. நானே விற்கிறேன். அவளுக்கு அந்த ரின்தான் வேண்டும். அவள் போன பிறகு அடிப்பக்கம் துருப்பிடித்துவிட்டது, நான் எறியவில்லை. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தது பத்திரிகை ஆசிரியரைப் பற்றி. ஆனால் அந்த மனிசனை நினைத்தாலே இந்த ரின்தான் முதலில் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

நான் படிப்பில்லாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் படித்தவர்கள் பலர் என் கடையில் வேலை செய்திருக்கிறார்கள். கனடாவுக்கு வந்து மொன்றியல் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன், பிறகு லொறி ஓட்டினேன், பிறகு பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் கடை போட்டேன். நாங்கள் வாடகைக்கு வந்து ஏறிய கட்டடமே இன்று என்னுடையது. ஒருவருடைய தோளிலும் ஏறி நான் இந்த இடத்துக்கு வரவில்லை.

ஆசிரியர் என்னைவிட வயதில் இளையவர். நிலக்கீழ் அறை ஒன்றில் இருந்துகொண்டு தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். செய்தி எழுதுவதும் அவர், கவிதை எழுதுவதும் அவர், கட்டுக் கட்டிக் கடை கடையாக வைப்பதும் அவர். பின்பக்கத்தில் எப்போதும் என் கடை விளம்பரமும், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக என் படமும் இருக்கும். "அண்ணை, உங்கட படத்தைப் பாக்கத்தான் சனம் பத்திரிகையைத் தொடுது" என்பார். அது கேலி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிடிக்கும்.

கடைக்கு வந்தால் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடிப்பார். அந்தக் காலத்து அமெரிக்கக் கவிஞன் ஒருவனின் கதையைத்தான் அடிக்கடி சொல்வார். "குதிரைவண்டிக் காலத்து ஆள் அண்ணை. இளவயசிலேயே சாவைப் பற்றிப் பாட்டெழுதிப் பேரெடுத்தவன். சட்டத்தரணி வேலையை விட்டிட்டுப் பத்திரிகைக்குப் போனவன். பேந்து சாகுமட்டும் அந்த மேசைதான். பத்திரிகை கவிதையைத் தின்னும்."

"ஏன் தின்ன விட்டவன்?" என்று கேட்டேன்.

"அவனுக்கும் வயிறெண்டு ஒண்டு இருந்ததெல்லோ" என்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார், இன்னும் ஊற்றச் சொல்லி.

எங்கள் ஆட்களுக்கு ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு வேண்டும். பெயர்தான் கல்வெட்டு, அது அச்சடித்த சிறு புத்தகம். இறந்தவரின் படம், ஊர், வம்ச வரிசை, அவர்மேல் பாடிய பாட்டு எல்லாம் இருக்கும். வந்த சனத்துக்கு முன்னால் அதை இராகத்தோடு வாசிப்பார்கள். இந்த நகரத்தில் அந்தப் பாட்டை எழுத ஆசிரியரை விட்டால் ஆளில்லை. அவருடைய பத்திரிகை தின்னாமல் விட்ட கவிதை அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

என் மனைவி இறந்தபோது ஆசிரியர் எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். "அக்காவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். நான் வியாபாரம் கதைப்பேன், அரசியல் கதைப்பேன். பெண்சாதியைப் பற்றி ஒருவரோடும் கதைத்தவன் அல்ல. அன்றைக்குக் கதைத்தேன். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவி படியில் சறுக்கி விழுந்ததை, அந்தக் கிழவியோடு பாஷை தெரியாமலே சண்டை பிடிக்கிற என் மனைவி அதன் பிறகு எங்கள் படி, அயலவர் படி என்று பாராமல் விடியமுன் உப்புத் தூவியதைச் சொன்னேன். ரின்னை எடுத்தும் காட்டினேன். ஆசிரியர் அதைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"தூவேக்க ஏதும் சொல்லுவாவோ?"

"ஓம், முணுமுணுப்பாள். அது பாட்டுக்குத் தேவையில்லை" என்றேன்.

அந்தியேட்டியில் வாசித்தார்கள்:

பனியுறைந்த படியெல்லாம் உப்புத் தூவிப்
பாதைவரும் கால்காத்த பாசத் தாயே!

மண்டபம் அழுதது. நானும் அழுதேன், மறைக்கவில்லை. என் மனைவி ஒரு பாட்டுக்குள் போய்விட்டாள், இனி அவளை ஒருவரும் அசைக்க முடியாது என்று நினைத்தேன். அந்த இரண்டு வரியையும் பெரிய எழுத்தில் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டேன். வருகிறவர்களுக்கு வாசித்தும் காட்டினேன்.

அடுத்த வருடம் பக்கத்து நகரமான லவாலில் ஓர் அந்தியேட்டி. வசதியான குடும்பம், என் நல்ல வாடிக்கையாளர்கள். இறந்த அம்மா குளிர் தொடங்கினால் புளோரிடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய், பனி கரைந்த பிறகுதான் திரும்புகிறவர். கல்வெட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது பாட்டில், அதே இராகத்தில், பனியுறைந்த படியெல்லாம் உப்புத் தூவி என்று வந்தது. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அந்த மண்டபமும் அழுதது. பக்கத்தில் இருந்தவன் என் காதுக்குள் குனிந்து, "அண்ணை, இது உங்கட கடையில தொங்கிறதெல்லோ? இப்ப பாட்டும் விக்கிறியளோ?" என்று சிரித்தான். பந்தியில் பாதியிலேயே எழும்பினேன். கையைக் கழுவிவிட்டு நேரே நிலக்கீழ் அறைக்குப் போனேன்.

ஆசிரியர் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அந்த மனிசி பனியை மிதிச்சதே இல்லை" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமோ?"

"இருங்கோ அண்ணை. மகன்காரன் வந்தவர். அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டன். 'அம்மா நல்லவ' எண்டார். பேந்து போனைப் பாத்துக்கொண்டிருந்தார். வேறயேதும் எண்டு கேட்டன். 'சரியான நல்லவ' எண்டார். நான் எதை வைச்சு எழுதிறது? அக்காவைப் பற்றி நீங்கள் எவ்வளவு சொன்னீங்கள்! அதில ஒரு வரி..."

"உங்கட அமெரிக்கக்காரனும் இப்பிடித்தான் செய்தவனோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன்ர வாசலில செத்தவீட்டுக்காரர் வந்து நிக்கேல்லை அண்ணை" என்றார்.

மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. தான் ஏதோ தருமம் செய்தவர் போல அந்த முகம் இருந்தது. அன்றைக்கே என் விளம்பரத்தை நிறுத்தினேன். சட்டத்தைக் கழற்றினேன், கல்லாவுக்கு மேலே ஆணி மட்டும் இருக்கிறது. பிறகு ஒருநாள் ஆசிரியர் கடை வாசல்வரை வந்தார். நான் மூட்டையைக் காட்டி இருக்கச் சொல்லவில்லை. வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஆசிரியர் இறந்துபோனார். அவருடைய மகள் கடைக்கு வந்தாள். இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழை மெல்ல மெல்லத் தேடிக் கதைத்தது.

"அங்கிள், அப்பாவின்ர கல்வெட்டை நாங்களே எழுதப் போறம். அம்மா சொன்னா, நீங்கள்தான் அவருக்கு நல்ல பிரெண்ட் எண்டு. அவரைப் பற்றி ஏதும் சொல்லுங்கோ."

அரிசி மூட்டை, வெறுந்தேத்தண்ணி, குதிரைவண்டிக் காலத்துக் கவிஞன், ரின்னைக் குலுக்கிப் பார்த்த கை எல்லாம் தொண்டைவரை வந்தன. எழுதத் தெரிந்தவன் எவனுக்கும் அவை ஒரு புத்தகத்துக்குக் காணும்.

"அப்பா நல்லவர்" என்றேன்.

பிள்ளை அதைப் போனில் எழுதிக்கொண்டு காத்து நின்றது. "வேற, அங்கிள்?"

"சரியான நல்லவர்."

பாவம், பிரெஞ்சில் "மேர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனது.

இன்று காலை படிகள் இறுகிக் கிடந்தன. ரின்னில் உப்பை நிரப்பிக்கொண்டு நானே இறங்கினேன். என்னால் தாங்க முடியாதது இதுதான்: அவள் உப்புத் தூவுவதை நினைத்தால் அந்த மனிசனுடைய வரிதான் முந்திக்கொண்டு வருகிறது. என் கண்ணால் கண்டது அதற்குப் பின்னால் நொண்டி நொண்டி வருகிறது. அவள் முகமும் இராகத்தோடு வருகிறது. ஒன்று மட்டும் அப்படி வரவில்லை. தூவும்போது அவள் முணுமுணுத்தது. அதை நான் ஆசிரியருக்குச் சொல்லவில்லை. ரின்னைக் குலுக்கிக் குலுக்கி, ஒவ்வொரு படியிலும் அதைச் சொல்லிக்கொண்டே கீழ்ப்படிவரை போனேன்.

இங்கேயும் அதை எழுதமாட்டேன்.