மருதோன்றி இல்லாத கைகள்

வார்டுத் தாதி ரெஜினா மிஸ் காலமான செய்தி சென்ற செவ்வாய் காலை வந்தது. அப்போது நான் புதுக்கடை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். கொட்டாஞ்சேனை வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தாராம். செய்தி கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. என் தங்கை ரிஸ்னாவின் குளிசைகளை அந்த வாரம்தான் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள். இனி அவளை யார் பார்ப்பது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தத் தாதியை அறிந்த நீங்கள் இதைத் தவறாக எடுக்க மாட்டீர்கள்.

ரிஸ்னாவுக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். என் இரத்தத்திலிருந்து இயந்திரம் பிரித்தெடுத்த குருத்தணுக்களை அவளுக்கு ஏற்றினார்கள். வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் எல்லோரும் 'தங்கச்சிக்கு உயிர் குடுத்தவர்' என்று என்னைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. அதை இறக்கி வைத்தவர் ரெஜினா மிஸ். எதற்கு இத்தனை குளிசை என்று ஒருநாள் அவரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"உங்கட செல் அவவின்ட உடம்பை அடிக்காமல் இருக்கத்தான், சேர். தோல், குடல், ஈரல் எல்லாத்தையும் அடிக்கும்."

"முழுப் பொருத்தம் என்று எழுதித் தந்தீங்களே மிஸ். நான் அவட கூடப்பிறந்த மூத்த நானா."

"காணிக்கு வழக்குப் போடுறது ஆர், சேர்? கூடப்பிறந்ததுகள்தானே?"

இருபது வருடம் பாகப்பிரிவினை வழக்குப் பேசியவனுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அன்று முதல் தங்கை இருமினாலும் சொறிந்தாலும், உள்ளே என் அணுக்கள் என்ன செய்கின்றனவோ என்றுதான் நினைப்பேன்.

உம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. கொத்தமல்லி, இஞ்சி, கருஞ்சீரகம் போட்டு அவித்து, போத்தலில் ஊற்றி வார்டுக்குக் கொண்டு போனார். "எதிர்ப்புச் சக்தி கூடும் மிஸ், புள்ள நல்லா மெலிஞ்சி ஈக்கி," என்றார். ரெஜினா மிஸ் போத்தலை மரியாதையாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு, உம்மாவின் தோளில் கை வைத்தார். "அம்மா, அதை நாங்க மருந்து குடுத்துத் தூங்க வச்சிருக்கிறம். நீங்க எழுப்பப் பாக்கிறீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் உம்மாவின் முகம் வெளிறிப் போனது.

கிளினிக்குப் போனவர்களுக்கு அவருடைய முதல் வார்த்தை தெரியும். கோப்பைத் திறக்கும் முன், "கையைக் காட்டுங்கோ" என்பார். இரண்டு உள்ளங்கைகளையும் யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, விரல் நுனிவரை பார்ப்பார். வரப்போகும் ஆபத்து பெரும்பாலும் உள்ளங்கையிலும் பாதத்திலும்தான் சிவப்பாக முதலில் தலைகாட்டும் என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

குருத்தணு மாற்றுச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்தில் நோன்புப் பெருநாள் வந்தது. டொக்டர் தடுத்ததால் ரிஸ்னா ஒரு நோன்பும் பிடிக்கவில்லை. பிள்ளை அதற்கே அழுதாள். "பெருநாளைக்கி புள்ளட கை வெறுமனே ஈக்கலாமா?" என்று உம்மா மருதோன்றி அரைத்து இரண்டு கைகளிலும் நிறைய இட்டுவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நன்றாகச் சிவந்திருக்கிறது என்று பாராட்டவும் செய்தேன். மூன்றாம் நாள் கிளினிக்கில் ரிஸ்னா அந்தக் கைகளைச் சிரித்தபடி நீட்டினாள்.

ரெஜினா மிஸ் சிரிக்கவில்லை. கைகளை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; மருதோன்றிச் சிவப்பில் ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. பிறகு, "செருப்பைக் கழட்டுங்கோ மகள்," என்றார். ரிஸ்னா தயங்கினாள். புதுச் செருப்பு கடித்துவிட்டது, இரண்டு நாளாகச் சொறியும்படி கடியாக இருக்கிறது என்றாள். அவர் தரையில் முழங்காலிட்டு அவள் பாதங்களைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பாதங்களும் சுடுதண்ணீர் பட்டதுபோலச் சிவந்திருந்தன. அதே சிவப்பு கைகளிலும் மருதோன்றிக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் அதன்மேல் பூப்போட்டு அழகு பார்த்திருக்கிறோம்.

நாளைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டுமா, வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "இதுக்கு நாளைக்கு என்டு ஒன்டு இல்ல, சேர்," என்றவர், அவளைத் தானே வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பல வாரங்கள் அவள் அங்கேதான் கிடந்தாள். தோல் உரிந்தது, வயிறு போனது. என் இரத்தம்தான் அவளை உரிக்கிறது என்று தெரிந்துகொண்டு கட்டிலருகே இருப்பது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மருதோன்றி இடுவதில்லை.

கொட்டாஞ்சேனை மரண வீட்டுக்கு ரிஸ்னாவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தாள். கூட்டம் என்று தடுத்தேன், கேட்கவில்லை. பெட்டியருகே போனதும் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். அவள் துஆ கேட்டு வேண்டுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், கிளினிக்கில் நீட்டுவதுபோலவே நீட்டினாள். அப்போதுதான் நான் அழுதேன்.

இன்று காலை சுபஹு தொழுகைக்குப் பிறகு, வழக்கம்போல யன்னலோரம் எனக்குக் கையையும் பாதத்தையும் காட்டினாள். கைகள் சுத்தமாக இருந்தன. இடது குதிகாலின் ஓரத்தில், பெருவிரல் நகமளவு ஒரு சிவப்பு.

"மரண ஊட்டுக்குப் போன செருப்பு கடிச்சிருக்கும்," என்றார் உம்மா. எனக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. வார்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். பழக்கமில்லாத இளம் குரல் ஒன்று, "வியாழக்கிழமை கிளினிக்தானே சேர், அன்டைக்குக் காட்டுங்க," என்றது.

"இதுக்கு வியாழக்கிழமை என்டு ஒன்டு இல்ல, மிஸ். இப்பவே கூட்டிக்கொண்டு வாறன்," என்றேன்.

வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒன்பதரைக்கு இருந்த வழக்கைத் தவணை கேட்கும்படி ஜூனியரிடம் சொல்லிவிட்டேன். உள்ளே டொக்டர் ரிஸ்னாவின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் வெளியே வரவில்லை. ரெஜினா மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். என் தங்கை இருக்கும் காலமெல்லாம் அதை நான் கைவிடப் போவதில்லை.