மூசையின் மேல் ஒரு சிலுவை

இறந்தவரைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை; நல்லதாக எழுதவும் என்னிடம் அதிகமில்லை. இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நினைவு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் கேட்டதால் எழுதுகிறேன்.

உலைப் பொறுப்பாளர் மரியதாஸ் சார் இறந்த செய்தியை லீலா அக்கா போனில் சொன்னபோது தோவாளையில் பேருந்துக்கு நின்றேன். "உலைப் பதிவேடு இப்ப யாருக்க கையில அக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். "சாவுச் சேதி சொல்லுதேன், கேக்குற கேள்வியாட்டி இது?" என்று திட்டினார்.

சாரின் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உலோகம் உருக்கும் கிராஃபைட் மூசைகளை வெற்றிட உலையில் சூடாக்கி வாயுவைச் செலுத்துவோம். வாயுவிலுள்ள கரி மெல்லிய தோலாக மூசையின் மேல் படியும். பிறகு மூசை பொடியாக உதிராது. ஆனால் வெறும் விரல் பட்ட இடத்தில் தோல் ஒட்டாமல் உரிந்துவிடும்.

அந்த உலையை சார் அளவுக்கு அறிந்தவர் இல்லை. பம்பின் சத்தத்தை வைத்தே கசிவைச் சொல்வார். அதை மறுக்க மாட்டேன்.

வேலையில் சேர்ந்த அன்று, அம்மா சந்தைக்குப் பூக்கட்டுகிறாள் என்று சொன்னேன். அன்றிலிருந்து நான் பூக்காரி. "பூ கெட்டுன கையும் கொண்டு எனக்க உலைக்கிட்ட வராதட்டி. பி.எஸ்ஸி. படிச்சா கை மாறிருமா?" எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நானும் சிரித்தேன். மறுநாள் முதல் இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டேன்.

கதவைச் சாத்துமுன் கையுறையைக் கழற்றி, உலைக் கதவில் பெருவிரலால் சிலுவை வரைவது அவர் வழக்கம். புதிய வகை மூசைகள் முதன்முதலாக வந்த அன்று, கதவில் வரையாமல் கடைசி மூசையின் மேலேயே வரைந்தார். ஐந்து பேர் பார்த்தோம்.

உலையைத் திறந்தபோது அந்த மூசை மட்டும் உரிந்திருந்தது. சின்னச் சிலுவையாக. சார் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். "பூக்காரிக்க கைதான்" என்றார். லீலா அக்கா தரையைப் பார்த்தார். மற்றவர்கள் மீதி மூசைகளை இறக்கத் தொடங்கினார்கள், நானும்தான். பதிவேட்டில் 'கவனக்குறைவு: செல்வி' என்று எழுதினார். அன்று முதல் நான் பேக்கிங் அறையில் இருக்கிறேன். உலை வேலை கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறார்கள்.

அவர் படுக்கையில் கிடந்தபோது போனேன். "சார், அது ஒங்க விரலு" என்றேன். கூரையைப் பார்த்தார். "இனி அதத் தோண்டி என்ன செய்யப்போற மக்கா?" என்றார். அவர் என்னை மக்கா என்று அழைத்தது அன்று மட்டும்தான். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது, தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பாதுகாக்கும் அன்று உரிந்து விழுந்த கறுப்புச் செதில் ஒன்று. அந்தச் சிலுவையின் ஒரு கை.

உலை அறையில் அவர் படத்தை மாட்டப்போகிறீர்களாம். மாட்டுங்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தில் என் பெயரை அடித்து, அவர் பெயரை எழுதுங்கள். அன்று பார்த்த எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். லீலா அக்கா, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.